அறுபத்து நான்கு கோடியும் என் அக்காவும்

என் அக்காவுக்கு அலுவலகத்தில் ‘மூணு பக்கம்’ என்று பெயர். நிதி அமைச்சகத்தின் மூன்றாவது மாடியில், வெளிநாட்டு நிதிப் பிரிவில், இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று மேஜை, ஐந்து பீரோ, ஒரு பிரிண்டர். அந்தப் பிரிண்டருக்கு மனசு வந்தால்தான் நாட்டின் நிதிக் கொள்கை காகிதத்தில் வரும். எந்த விஷயமானாலும் அக்கா மூன்று பக்கத்துக்குக் குறிப்பு எழுதுவாள். முதல் பக்கத்தில் பின்னணி, இரண்டாம் பக்கத்தில் கணக்கு, மூன்றாம் பக்கத்தில் முடிவு. பிரிவுக்குப் புதுப் பூட்டு வாங்க வேண்டும் என்பதற்கும் மூன்று பக்கம்தான். பூட்டின் பின்னணி என்ன என்று நான் கேட்டதில்லை, கேட்டால் சொல்லிவிடுவாள்.

எழுதுவதில் தப்பில்லை. யாராவது படிக்க வேண்டுமே. அவளுக்கு மேலே ஒரு துணைச் செயலாளர் இருக்கிறார். எந்தக் கோப்பு போனாலும் ஓரத்தில் ‘பேசவும்’ என்று ஒரே வார்த்தை எழுதித் திருப்பிவிடுவார். நேரில் வந்து விளக்கு என்று அர்த்தம். சரி என்று நேரில் போனால் ஆள் சீட்டில் இருக்கமாட்டார். இருந்தால் போனில் இருப்பார். போனையும் வைத்துவிட்டால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அதனால் அவருக்கே ‘பேசவும்’ என்று பெயர் விழுந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அக்காவுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். பதவி உயர்வு இல்லை, தனி அறை இல்லை. தான் எழுதிய ஒரு குறிப்பை, ஒன்றே ஒன்றை, யாராவது ஒரு மனுஷர் கடைசி வரி வரைக்கும் படித்துவிட வேண்டும். அவ்வளவுதான். இதைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு மாதிரி ஆகிவிடும். நான் உடனே பேச்சை மாற்றிவிடுவேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அவள் தங்கை. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். வீட்டில் என்னை ‘விசில்’ என்பார்கள். அக்கா வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். வாடகை கொடுப்பதில்லை, வாய் கொடுக்கிறேன். அக்காவின் கணவர், அதாவது என் மாமா, லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி லிஃப்டுகள் அவர் கைபட்டு ஓடுபவை. மேலே கீழே போய்வருகிற வேலையாக இருந்தாலும் நிதானமான மனுஷர். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவர் எப்படித்தான் நிதானமாக இருக்கிறாரோ.

இனி அந்த வங்கிக் கதைக்கு வருகிறேன். எங்கள் வட்டாரத்தில் முப்பது சொச்சம் நாடுகள் சேர்ந்து ஒரு வளர்ச்சி வங்கி வைத்திருக்கின்றன. பாலம், குடிநீர், மின்சாரம் என்று கேட்கிற உறுப்பு நாடுகளுக்கு அது குறைந்த வட்டியில் கடன் கொடுக்கும். கொடுக்கப் பணம் வேண்டும் அல்லவா? நாலு வருஷத்துக்கு ஒரு தடவை எல்லா நாடுகளும் அந்த வங்கிக்குப் பங்களிப்பு போட வேண்டும். யார் எவ்வளவு போடுவது என்பது அவரவர் இஷ்டம். அந்த இஷ்டத்தை நிர்ணயிக்க உட்கார்ந்து ஒன்பது மாதம் ஆகியும் எங்கள் அரசாங்கத்துக்கு ஒன்றும் பிறக்கவில்லை.

செலவைக் கவனிக்கிறவர்கள், போன தடவை போட்ட நாற்பது கோடியே ஜாஸ்தி என்றார்கள். வெளியுறவுத் துறைக்காரர்கள், தொண்ணூறு போட்டால்தான் வெளியில் தலைநிமிர்ந்து நடக்க முடியும் என்றார்கள். கோப்பு ஒரு மாடி ஏறும், இரண்டு மாடி இறங்கும். இதற்கு நடுவில் முதல் மாதமே அக்கா தன் மூன்று பக்கத்தை எழுதி உள்ளே வைத்துவிட்டாள். மொத்தப் பங்களிப்பில் நூற்றுக்கு இரண்டு பங்கு போடும் நாட்டுக்குத்தான் வங்கியின் இயக்குநர் குழுவில் நாற்காலி. அதற்குக் குறைந்தால் வாசலில் நின்று வேடிக்கை. மற்ற நாடுகள் என்ன போடும் என்று ஒவ்வொன்றாகக் கணித்துக் கூட்டினால் மொத்தம் மூவாயிரத்து இருநூறு கோடி வருகிறது. அதில் நூற்றுக்கு இரண்டு, அறுபத்து நான்கு. ஆகவே அறுபத்து நான்கு போடலாம், வருஷத்துக்குப் பதினாறாக நாலு தவணை. இதுதான் அவள் சொன்னது. ஓரத்தில் ‘பேசவும்’ என்று எழுதித் திரும்பி வந்தது. போனாள். ஆள் சீட்டில் இல்லை.

அதோடு அந்தக் குறிப்பு கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டது. அதன்மேல் இன்னும் நூறு பக்கம் சேர்ந்தது. அக்கா மட்டும் அறுபத்து நான்கை விடவில்லை. மாமா சட்டைக்கு என்ன அளவு என்று கடைக்காரர் கேட்டால்கூட அறுபத்து நான்கு என்று சொல்லிவிடுவாளோ என்று நாங்கள் கிண்டல் செய்தோம்.

வங்கியின் ஆண்டுக் கூட்டம் வேறொரு நாட்டில். அமைச்சர் போய் மேடையில் பேசி, எங்கள் பங்களிப்பு இவ்வளவு என்று அறிவிக்க வேண்டும். பேச்சைத் தட்டச்சு செய்து கொடுப்பது அக்காவின் பிரிவு. எண் இன்னும் முடிவாகாத பேச்சுகளுக்கு அந்தப் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. இடத்தை வெறுமையாக விட்டால் பேச்சு எத்தனை நிமிஷம் வரும் என்று தெரியாது. அதனால் எண் வரவேண்டிய இடத்தில் ‘நூற்றுப் பதினொன்று’ என்று எழுத்தில் போட்டு வைப்பார்கள். எவனும் நூற்றுப் பதினொரு கோடி தரமாட்டான். பார்த்த மாத்திரத்தில் இது சும்மா போட்டது என்று கடைநிலை ஊழியர் முதல் அமைச்சர் வரை எல்லோருக்கும் புரியும். நிஜ எண் வந்ததும் மாற்றிக்கொள்வார்கள். வருஷக்கணக்காக இது தவறியதே இல்லை.

கூட்டம் செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் அக்கா பேச்சை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். மேடையில் ஒருவருக்கு நாலு நிமிஷம்தான். தாண்டினால் மைக்கை அணைத்துவிடுவார்களாம். என்னிடம் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. என் லேப்டாப்பில் பேச்சைத் திறந்து வைத்தாள். மாமாவை சோபாவில் உட்கார வைத்து, நீங்கதான் முப்பது நாட்டுப் பிரதிநிதிகள் என்றாள். மாமா காலை மடக்கிக்கொண்டு கௌரவமாக உட்கார்ந்தார்.

முதல் தடவை நாலு நிமிஷம் ஒன்பது வினாடி. இரண்டு வரியை வெட்டினாள். நாலு நிமிஷம் இரண்டு வினாடி. ‘மிகவும் மகிழ்ச்சியடைகிறோம்’ என்பதில் ‘மிகவும்’ போனது. நாலாவது தடவைக்குள் அவளுக்குக் குஷி கிளம்பிவிட்டது. நாற்காலி மேல் ஏறி நின்று, அமைச்சர் மாதிரி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு படித்தாள். ‘நூற்றுப் பதினொரு கோடி’ என்று அவள் கையை உயர்த்தியதும் மாமா கைதட்டினார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

“இது என்ன ஊரான் நம்பர். உன் நம்பரைப் போட்டுப் படி அக்கா, கேப்போம்.”

“சீ, போடி.”

“நம்ம வீட்டுக்குள்ளதான. எந்தச் செயலாளர் வந்து பார்க்கப் போறாரு?”

அக்கா நாற்காலியிலிருந்து இறங்கினாள். ஒரு நிமிஷம் திரையைப் பார்த்தாள். பிறகு ‘நூற்றுப் பதினொன்று’ என்பதை அழித்துவிட்டு ‘அறுபத்து நான்கு’ என்று தட்டினாள். மறுபடியும் ஏறி நின்று படித்தாள். அந்த இடம் வந்ததும் அவள் குரல் தானாக நிமிர்ந்தது. மூன்று நிமிஷம் ஐம்பத்தெட்டு வினாடி. நான் விசில் ஊதினேன். மாமா எழுந்து நின்றே கைதட்டினார். மூன்று பேரும் சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது. அதை அப்படியே பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம் அமைச்சரவை கூடியது. நாற்பதுக்காரர்களும் தொண்ணூறுக்காரர்களும் இரண்டு மணி நேரம் தொண்டை கிழியப் பேசிவிட்டு, அமைச்சர் அங்கே போய்ச் சூழ்நிலையைப் பார்த்து எண்ணைச் சொல்லட்டும் என்று கலைந்துவிட்டார்கள். அதாவது முடிவெடுக்காமல் இருப்பது என்று ஒருமனதாக முடிவெடுத்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு விமானம். நாலே முக்காலுக்குப் ‘பேசவும்’ ஓடிவந்து, எண் வரவில்லை, பேச்சை அப்படியே அச்செடுத்துக் கொடு என்றார். பிரிண்டர் அந்த நேரம் பார்த்துக் காகிதத்தைக் கவ்விக்கொண்டது. அக்கா அதன் வயிற்றில் கையை விட்டு இழுத்து, மை அப்பிய விரலோடு ஐந்து பக்கத்தையும் அடுக்கி, உறையில் போட்டுக் கொடுத்துவிட்டாள். பென் டிரைவில் இருப்பது எந்தப் பேச்சு என்று அவள் யோசிக்கவில்லை. பழக்கப்படி நூற்றுப் பதினொன்று இருக்கிறது என்றே நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நான் மைதானத்தில் தொடர் ஓட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அக்கா பள்ளி நேரத்தில் கூப்பிடவே மாட்டாள்.

“சொல்லிட்டார்டி.”

“யாரு, என்ன சொன்னாரு?”

“அமைச்சர். அறுபத்தி நாலு. கம்ப்யூட்டர்ல நேரலையா பாத்துட்டு இருக்கோம். உறையை மேடைலதான் பிரிச்சார். அப்படியே படிச்சுட்டார். மூணு நிமிஷம் அம்பத்தாறு.”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மைதானத்தில் எல்லோருக்கும் ஓடியது. விசில் ஊத வேண்டிய நான் ஊதவில்லை என்பதால் பிள்ளைகள் இரண்டு சுற்று அதிகமாக ஓடினார்கள். உன் நம்பரைப் போட்டுப் படி என்று சொன்ன வாய் என்னுடையது. அக்காவுக்கு வேலை போய்விடும் என்றே நினைத்தேன். இன்னொரு பக்கம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் குதித்தது. எங்கள் வீட்டு நாற்காலி மேல் நின்று சொன்ன எண்ணை ஒரு அமைச்சர் முப்பது நாடுகளுக்கு முன்னால் சொல்லிவிட்டாரே.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. எங்களுக்குப் பின்னால் பேச வேண்டியவர் பக்கத்து நாட்டு அமைச்சர். ஐம்பது என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் எண்ணைக் கேட்டதும் மேடையிலேயே பேனாவை எடுத்துத் திருத்தி அறுபத்தைந்து என்றார். அதைப் பார்த்து இன்னும் மூன்று பேருக்கு ரோஷம் வந்து ஏற்றிவிட்டார்கள். வங்கித் தலைவருக்கு வாயெல்லாம் பல். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் எங்கள் அமைச்சர் படம். துணிச்சலான முடிவு, துல்லியமான முடிவு என்று இரண்டு தலையங்கம்.

யாருக்குமே தெரியவில்லை. அதுதான் வேடிக்கை. எண்ணை அமைச்சகத்தின் நிதிச் செயலாளர் போட்டிருப்பார் என்று அமைச்சர் நினைத்தார். அமைச்சர் சூழ்நிலையைப் பார்த்துச் சொன்னார் என்று செயலாளர் நினைத்தார். நாற்பதுக்காரர்கள், தொண்ணூறைத் தாங்கள்தான் கீழே இழுத்தோம் என்று தோளைத் தட்டிக்கொண்டார்கள். தொண்ணூறுக்காரர்கள், நாற்பதைத் தாங்கள்தான் மேலே தூக்கினோம் என்று தட்டிக்கொண்டார்கள். யார் முடிவு செய்தது என்று வாய்விட்டுக் கேட்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. கேட்டால் தன்னிடம் சொல்லவில்லை என்பது வெளியே தெரிந்துவிடுமே. ‘பேசவும்’ பிரிவுக்கு வந்து மூன்று மேஜைக்கும் ஒரு பெட்டி பிஸ்கட் வைத்துவிட்டுப் போனார்.

அக்கா அந்தப் பிஸ்கட்டைத் தொடவில்லை. புதன்கிழமை காலையில் அவர் அறைக்குப் போய், சார், அந்த நம்பர் விஷயமா பேசணும் என்றாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இப்ப வேண்டாம், அப்புறம் பேசலாம் என்றார். வீட்டில் நான் தலைதலையாக அடித்துக்கொண்டேன்.

“சும்மா இரு அக்கா. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. நீ எதுக்கு வலியப் போய்த் தலையைக் குடுக்கற?”

“நான் எழுதினதுக்கு ஒப்புதல் இல்லாம ஒரு அரசாங்கமே வாக்குக் குடுத்திருக்கு. கோப்புல அது இருக்கணும்.”

“உன்னை டிஸ்மிஸ் பண்ணிடுவாங்க.”

“பண்ணட்டும். ஆனா படிச்சுட்டுப் பண்ணட்டும்.”

மாமா என்னைப் பார்த்து, விடு விசில் என்றார். புதன்கிழமை சாயங்காலம் அக்கா உட்கார்ந்து எழுதினாள். நூற்றுப் பதினொன்று இருக்கவேண்டிய இடத்தில் அறுபத்து நான்கு எப்படி வந்தது என்பது பற்றி, பின்னணி, கணக்கு, முடிவு, மூன்று பக்கம். தன் தங்கை தூண்டினாள் என்பதை மட்டும் எழுதவில்லை. கோப்பில் வைத்து மேலே அனுப்பிவிட்டாள். வழக்கம்போல யாரும் படிக்கமாட்டார்கள் என்று நான் தைரியமாக இருந்தேன். ஒரு அரசாங்கத்தின் சோம்பேறித்தனத்தை நம்பி நான் நிம்மதியாக இருந்தது அந்த ஒருநாள்தான்.

வியாழக்கிழமை வரவு செலவுப் பிரிவிலிருந்து ஒரு சாதாரணக் கேள்வி வந்தது. முதல் தவணைக்குப் பணம் ஒதுக்க வேண்டும், ஒப்புதல் ஆணை எண்ணைக் கொடுங்கள். எண்ணா? ஆணையே இல்லையே. ‘பேசவும்’ முகம் வெளிறிப் போனது. அன்றைக்கே நாலு நாள் லீவு போட்டுவிட்டுக் கம்பி நீட்டினார். நிதிச் செயலாளர் முழுக் கோப்பையும் தன் மேஜைக்குக் கொண்டுவரச் சொன்னார். அவர் அந்தப் பதவிக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு வரும்படி அக்காவுக்குத் துண்டுச் சீட்டு வந்தது.

அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அமைச்சகத்துக்குள் கண்டவர்களை விடமாட்டார்கள். மாமா தன் கருவிப் பையை எடுத்தார். அந்தக் கட்டிட லிஃப்டுக்கும் அவர்தான் மெக்கானிக். எனக்கு ஒரு ஸ்பேனரைக் கையில் கொடுத்து உதவியாளர் என்று உள்ளே கூட்டிப்போனார். ஐந்தாவது மாடியில், செயலாளர் அறைக்கு எதிரே லிஃப்டின் பலகையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். கழற்றினால் லிஃப்ட் நிற்கும், நின்றுவிட்டது. பெரிய அதிகாரிகள் எல்லாம் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து எங்களை முறைத்தார்கள். “முக்கியமான கோளாறுங்க” என்றார் மாமா. அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பத்தரைக்கு அக்கா உள்ளே போனாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். பதினொன்று ஆனது. டிஸ்மிஸ் செய்ய ஐந்து நிமிஷம் போதுமே, இவ்வளவு நேரம் என்ன என்று மாமாவை நச்சரித்தேன். பதினொன்றேகாலுக்கு உள்ளேயிருந்து செயலாளர் குரல் உயர்ந்தது. பிறகு அக்காவின் குரல் அதைவிட உயர்ந்தது. நான் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு மேஜையில் எதையோ ஓங்கித் தட்டுகிற சத்தம். யார் தட்டினார்கள் என்று தெரியவில்லை. “உள்ளே போகட்டுமா?” என்றேன். “இரு” என்றார் மாமா. அவர் கையிலிருந்த திருகாணியை அரைமணி நேரமாக அதே ஓட்டையில் திருகிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டேகாலுக்குக் கதவு திறந்தது. அக்கா முகம் சிவந்து, முடி கலைந்து, கண் கலங்கி வெளியே வந்தாள். குரல் கம்மிப்போயிருந்தது. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

“என்னக்கா ஆச்சு? வேலை போயிடுச்சா?”

“சண்டை.”

“யாரோட?”

“செயலாளரோட. ஒண்ணே முக்கால் மணி நேரம்.” சொல்லிவிட்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து நீர் வழிய, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளால் நேராக நிற்க முடியவில்லை. நாங்கள் அவளைக் கழற்றிப் போட்ட பலகையின் மேல் உட்கார வைத்தோம்.

உள்ளே போனதும் செயலாளர் உட்காரச் சொன்னாராம். வேண்டுமென்றே செய்தீர்களா, மறதியா என்று கேட்டாராம். “போட்டது வேணும்னே சார். மாத்தாம விட்டது மறதி” என்று அக்கா சொன்னாளாம். அவர் தலையாட்டிவிட்டு, ஒரு வருஷ இன்கிரிமென்டை வெட்டுகிறேன் என்று குறித்துக்கொண்டாராம். அது இரண்டே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. எழுந்துகொள்ளப் பார்த்தவளை, உட்காருங்கள், இனிமேல்தான் விஷயமே என்று சொல்லி, ஒன்பது மாதத்துக்கு முந்தைய அவளுடைய குறிப்பை எடுத்து மேஜைமேல் வைத்தாராம். மூன்று பக்கத்திலும் பென்சில் கோடு.

“படிச்சிருக்கார்டி. ரெண்டாம் பக்கம் வரைக்கும் இல்ல, மூணாம் பக்கம், அடிக்குறிப்பு வரைக்கும். ரெண்டு தடவை படிச்சிருக்கார்.”

“அப்புறம் எதுக்குச் சண்டை?”

“தப்புன்னு சொன்னார்.”

கணக்கே தப்பாம். ஒரு நாடு அதற்கு முந்தின வருஷம் தன் பெயரை மாற்றிக்கொண்டதாம். வங்கியின் பட்டியலில் பழைய பெயரும் இருந்தது, புதுப் பெயரும் இருந்தது. அக்கா ஒரே நாட்டை இரண்டு தடவை கூட்டிவிட்டாள். நூற்றைம்பது கோடி அதிகமாகிவிட்டது. சரியாகக் கூட்டியிருந்தால் மொத்தம் மூவாயிரத்து ஐம்பது, நூற்றுக்கு இரண்டு அறுபத்தொன்று. அக்கா அதை ஒப்புக்கொள்ளவில்லை. பட்டியலைக் கொண்டுவரச் சொல்லி மேஜை முழுக்க விரித்து, இருவரும் குனிந்து விரல் வைத்துத் தேடினார்களாம். இருந்தது. நாலாவது வரிசையில் ஒன்று, பத்தொன்பதாவது வரிசையில் ஒன்று.

“அதோட நீ சும்மா வந்திருக்கலாமே” என்றேன்.

“எப்படி வர்றது? நாம சொன்னதும் நாலு பேர் ஏத்திட்டாங்கல்ல. இப்ப மொத்தம் மூவாயிரத்தி நூத்தி எம்பத்தஞ்சு. அறுபத்தொண்ணு போட்டிருந்தா நாற்காலி கிடைச்சிருக்காதுன்னேன். நாம அறுபத்தொண்ணு சொல்லியிருந்தா அவங்க ஏத்தியிருக்கவே மாட்டாங்கங்கிறார். அது உங்களுக்கு எப்படி சார் தெரியும்னேன். அப்பதான் அவர் மேஜையைத் தட்டினார். அப்புறம் நானும் தட்டினேன்.”

மாமா நிதானமாக, “அப்ப மூணு கோடி?” என்று கேட்டார்.

“அதைத்தான் முடிவு பண்ண முடியல. அது நஷ்டமா இல்லையான்னு தனியா ஒரு குறிப்பு எழுதச் சொல்லியிருக்கார். பழைய குறிப்புல ஒப்புதல்னு கையெழுத்துப் போட்டுட்டார், ரெண்டாம் பக்கத்துத் தப்பை எழுதிட்டு, அதுக்குக் கீழே. அமைச்சரும் போட்டுடுவாராம். புதுசுக்கு எத்தனை பக்கம் சார்னு கேட்டேன். எத்தனை வேணுமோ எழுதுங்க, படிக்கறேன்னார்.”

அவள் மறுபடியும் சிரித்தாள். இன்கிரிமென்ட் போனது, கணக்கு தப்பு, ஒரு நாட்டை இரண்டாக்கிவிட்டாள், அத்தனையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் கால் தரையில் பாவவில்லை. மாமா பலகையை மாட்டினார். லிஃப்ட் உயிர் பெற்றதும் மூவரும் அதில் ஏறினோம். கீழே போக வேண்டியவர்கள் தெரியாமல் மேலே போனோம், அங்கிருந்து கீழே வந்தோம், சிரிப்பில் பொத்தானை அழுத்த மறந்து மறுபடியும் ஐந்தாவது மாடிக்கே போனோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அந்தக் குறிப்பின் நகல் ஒன்பது மாதமாக எங்கள் கூடத்து அலமாரியிலேயே கிடக்கிறது. மாமா படித்ததில்லை. நானும் படித்ததில்லை. அரசாங்கத்தைத் திட்டுவதற்கு மட்டும் எனக்கு வாய் இருந்தது. அக்கா அதை ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. மூன்று வாரம் முன்னால் வந்த ஒரு அந்நிய மனுஷர் படித்ததற்கு அவள் அழுதுகொண்டே சிரித்ததை நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

அன்று சாயங்காலம் அந்த நகலை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். முதல் பக்கம் போரடித்தது. பொய் சொல்ல மாட்டேன். இரண்டாம் பக்கத்தில் அந்த நாட்டை இரண்டு இடத்திலும் கண்டுபிடித்தேன். மூன்றாம் பக்கத்தில் நாலு தவணைக்குப் பதில் ஏன் மூன்று தவணை கூடாது என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கடைசி வரியையும் படித்து முடித்துவிட்டு உள்ளே போய்க் கேட்டேன். அக்கா கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.